ரெண்டு ஷிப்ட் தூரத்துல ஒரு நாத்தனா

…யாரு சொன்னா? ரேஷன் கடையிலயா? அந்தக் க்யூவுல நின்னா போதும்மா, நடக்காதத நடந்த மாதிரியும் நடந்தத நடக்காத மாதிரியும் பேசிப்புடுவாளுங்க. "அந்த ஆயா பேத்தி வரவேயில்ல, நாத்தனா முடிச்சு இல்லாமலே பேரன் தாலி கட்டிட்டான்"ன்னாளா? நீயும் கேட்டுகினு நின்னியா? நீ அந்த வாரம் பாத்து ஊருக்குப் போயிட்ட, இல்லைன்னா என் பக்கத்துலயே நின்னுகினு எல்லாத்தையும் பாத்திருப்ப. உக்காரு. இப்பிடி நெழல்ல வந்து உக்காரு. இந்தப் பூண்ட உரிச்சுகினே சொல்றேன். நீயும் ரெண்டு எடு, சும்மா என்னாத்துக்கு கைய கட்டிகினு இருக்க.

உங்க பக்கத்துல எப்பிடியோ தெரியாது. எங்க பக்கத்துல மாப்ள மொத முடிச்சு போடுவான். மீதி ரெண்டு முடிச்சு அவன் கூடப் பொறந்தவ போடணும். அவதான் நாத்தனா. கூடப் பொறந்தவ இல்லாதவனுக்கு முறைக்கு யாராச்சும் ஒருத்தி போடுவா. ஆனா எம் பேரனுக்குத்தான் ஒரே தங்கச்சி கல்லு மாதிரி இருக்குறாளே, கனடாவுல. கால்கரின்னு ஒரு ஊரு. அந்த ஊரு பேரச் சொல்லவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

அவ கல்யாணம் எந்த நேரத்துல நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. ஊரடங்கு போட்டிருந்தான் பாரு, அப்ப. இருவது பேருக்கு மேல கூடக்கூடாதுன்னுட்டான். பேரன் அப்ப குஜராத்துல ஒரு கான்ட்ராக்ட் வேலையில மாட்டிகினு கெடந்தான். ரயிலும் கெடையாது, பஸ்ஸும் கெடையாது. மச்சான் நின்னு செய்யிற மொற எல்லாத்தையும் சித்தப்பன் மவன் ஒருத்தன நிக்க வெச்சி முடிச்சோம். இவன் அங்க இருந்துகினு போன்ல பாத்து அழுவுறான், இவ இங்க மணவறையில உக்காந்து போன பாத்து அழுவுறா. அதனாலதான் இவனுக்குப் பொண்ணு நிச்சயம் ஆன அன்னிக்கே பேத்தி என்கிட்ட சொல்லிட்டா. "ஆயா, போன்ல பாத்த கல்யாணம் ஒண்ணு போதும். எங்கண்ணன் கல்யாணத்துக்கு நான் வந்து எங்கையால முடிச்சு போடுவேன்"ன்னா. இவனும், "எந்தங்கச்சி வராம நான் தாலிய கையில தொட மாட்டேன்"ன்னுட்டான். ரெண்டும் சின்னதுலயே அப்பிடித்தான். ஒண்ணு அழுதா இன்னொண்ணு சோறு திங்காது.

சரி, கதை எங்க கெட்டுதுன்னா, எங்க வூட்டுக்காரரு கையில கெட்டுது.

அவரு மைன்ஸ்ல பெல்ட்டு செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. இந்தக் கரிய வெட்டி மைன்ஸ்ல இருந்து மேல கொண்டாருது பாரு நீளமா ஒரு பெல்ட்டு, அதுலதான் அவரு காலம் பூரா ஓடுச்சு. அந்த மனுசனுக்கு எல்லாமே ஷிப்ட்டுக் கணக்குதான். எம் மவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்சம்மா "எத்தன மணிக்கு வலி எடுத்துச்சு"ன்னு கேட்டா, "செகண்ட் ஷிப்ட்டு முடியறப்ப"ன்னு சொன்னவரு. எனக்கு எழுத்து தெரியாது, கடியாரம் பாக்கத் தெரியாது. அவரு கூட இருந்து இருந்து எனக்கும் அதே கணக்குதான். எட்டு மணி நேரம்னா ஒரு ஷிப்ட்டு. ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு பஸ் போனா விடிஞ்சுதுன்னு அர்த்தம்.

சம்மந்தி வூட்டுக்காரங்க முத்தாண்டிக்குப்பம். முந்திரிக் கொல்ல, பலாத் தோப்புன்னு வசதியானவங்க, நல்ல மனுசருங்க. அவங்க தேதி குறிக்க வந்தாங்க. தையில ஒரு திங்கக்கெழமதான் பொண்ணு, மாப்ள ரெண்டு பேருக்கும் பொருத்தமா இருக்குதுன்னாங்க. பேத்திக்கு சனிக்கெழம சாயங்காலம்தான் அங்க லீவு ஆரம்பிக்குது. நான் சொன்னேன், "ஏங்க, அவளுக்கு ஒரு வார்த்த போன் போட்டுக் கேளுங்க"ன்னு. அவரு கேக்கல. இப்ப எல்லாம் இருக்குதே போன்ல, அதுல அந்த ஊரு ஏரோப்ளேன் எறங்குற எடத்தையும் மெட்ராசுல எறங்குற எடத்தையும் தட்டிப் பாத்தாரு. அது ஒரு கோடு போட்டுக் காட்டுச்சு. பன்னெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராம், பதினாறு மணி நேரமாம்.

மனுசன் மொகத்துல அப்பிடி ஒரு வெளிச்சம். "பதினாறு மணி நேரம்னா என்னா? டபுள் ஷிப்ட்டு! நான் பாக்காத டபுள் ஷிப்ட்டா? சனிக்கெழம சாயங்காலம் ஏறுனா ஞாயித்துக்கெழம மதியம் சாப்பாட்டுக்கு வந்துருவா"ன்னு சம்மந்திக்கு முன்னால அடிச்சு சொல்லிட்டாரு. சம்மந்தியும் தலைய ஆட்டுனாரு. வெத்தல பாக்கு மாத்தியாச்சு. மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு. பத்திரிகையும் அடிச்சாச்சு.

பொறவுதான் பேத்திக்குப் போன் போட்டு ஜம்பமா சொல்றாரு. நான் பக்கத்துல நின்னுகினு இருக்கேன். அப்புறம் அவ கேட்டா, "தாத்தா, பதினாறு மணி நேரத்துல யாரு தாத்தா வருவா?"

"நீதான். போன்ல போட்டிருக்குதே."

"அது இங்கிருந்து அங்க நேரா கோடு போட்டா எவ்ளோ தூரம்னு கணக்கு சொல்லுது தாத்தா. அந்தக் கோட்டு மேல ப்ளேன் எதுவும் ஓடல. நான் லண்டன் போயி எறங்கி, இன்னொரு ப்ளேன் மாறி வரணும். அதோட, இங்க சாயங்காலம்னா உங்களுக்கு அடுத்த நாள் காலையில தாத்தா! நான் ஏறும்போதே உங்களுக்கு ஞாயித்துக்கெழம ஆயிருக்கும்!"

அந்தக் கோடு எங்க போவுதுன்னு பேரன் அப்புறம் காட்டுனான். நேரா மேல ஏறி, மனுசன் மக்க இல்லாத ஐஸு மேல போயி, அந்தாண்ட எறங்குது. நான் கேட்டேன், "ஏங்க, பெல்ட்டு நேரா ஒரே ஓட்டமாவா கரண்டு எடுக்குற தெர்மலுக்குப் போவுது? ஒரு பெல்ட்டு முடியிற எடத்துல இன்னொரு பெல்ட்டு மேல கரி கொட்டும், அதுக்கு டிரான்ஸ்பர் பாயிண்ட்டுன்னு பேருன்னு நீங்கதானே எனக்கு சொன்னீங்க? அங்க அடச்சிகிச்சுன்னா எல்லாமே நின்னு போவும்னு நடுராத்திரியில எத்தன வாட்டி உங்கள வந்து எழுப்பிகினு போனாங்க? ப்ளேனுக்கு மட்டும் அது இருக்காதுன்னு எப்பிடி நெனச்சீங்க?"

அன்னிக்கு சோறு போட்டா "வேணாம்"னாரு. அவரு சோறு வேணாம்னு சொன்னத நான் ரெண்டே வாட்டிதான் பாத்திருக்கேன்.

தேதிய மாத்த முடியுமா? சம்மந்தி ஊரு பூரா பத்திரிகை குடுத்துட்டாங்க. பேத்திதான் கணக்கு பாத்து சொன்னா. எல்லாம் சரியா நடந்தா, திங்கக்கெழம விடியறதுக்குள்ள மெட்ராசுல எறங்கிடலாம். அங்க இருந்து கார்ல நாலு மணி நேரம். அன்னிக்கு ஒம்போது வரைக்கும் ராகுகாலம். பத்தரைக்கு எமகண்டம் பொறந்துரும். நடுவுல இருக்குற ஒண்ணர மணி நேரந்தான் முகூர்த்தம். "வந்துருவேன் ஆயா"ன்னா. எல்லாம் சரியா நடந்தா. எனக்கு அந்த வார்த்தயே புடிக்கல.

பூண்டு நல்லா இருக்குது பாரு, சேத்தியாத்தோப்பு சந்தையில வாங்குனது. சேத்தியாத்தோப்புன்னதும் ஞாபகம் வருது. எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. எனக்கு ரெண்டு முடிச்சு போட்ட நாத்தனா. போட்ட முடிச்ச இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா. அவ சனிக்கெழமயே அவளோட பேத்தி ஒருத்திய அழைச்சிகினு வந்து எறங்கிட்டா. அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான், வாயே தொறக்காது. ஆனா கெழவி வரும்போதே அதுக்கு நாத்தனா பட்டுன்னு தனியா ஒரு பொடவ எடுத்துகினு வந்திருக்குறா. அரக்கு கலரு, கையகலம் ஜரிக. வேற எதுக்கு? எம் பேத்தி வரலைன்னா இவள வெச்சி முடிச்சு போடத்தான்.

"அண்ணி, நாம எதுக்கும் தயாரா இருக்கணும்ல? மேல பறக்குறத நம்பி கீழ பந்தல் போட முடியுமா?"ன்னா.

"உன் வாய செத்த மூடும்மா"ன்னேன். வேற என்னா சொல்றது.

ஞாயித்துக்கெழம காலையில வூட்ல பந்தக்கால் நட்டு, நலங்கு வெச்சிகினு இருக்கோம். எம் மவனுக்குப் போன் வருது. பேத்தி வூட்டுக்காரன். அவனுக்கு லீவு கெடைக்கல, அவள ஏத்தி வுட்டுட்டு வந்து பேசுறான். "மாமா, இங்க பனி கொட்டுது. ப்ளேன்ல ஏறி உக்காந்துட்டா. ஆனா ப்ளேன் கெளம்பல. றெக்க மேல உறைஞ்ச பனிய மருந்துத் தண்ணி ஊத்திக் கழுவிகினு இருக்காங்க"ன்றான். எனக்கு ஒண்ணும் புரியல. தாய்மாமன் வூட்ல இருந்து வந்தவளுங்க எல்லாம் சிரிக்கிறாளுங்க, "ப்ளேனுக்கும் நலங்கு வெக்கிறாங்க போல ஆயா"ன்னு. நானும் சிரிச்சேன். எங்க வூட்டுக்காரரு மட்டும் சிரிக்கல. "எவ்ளோ நேரம் லேட்டு?"ன்னு கேட்டாரு. ரெண்டு மணி நேரமாம். லண்டன்ல மாறுறதுக்கு மொத்தமே மூணு மணி நேரந்தான் இருந்துச்சு. அதுல ரெண்டு போச்சு.

கெளம்பிடுச்சுன்னு சேதி வந்த பொறவு, பேரன் அவரு போன்ல என்னத்தையோ தட்டிக் குடுத்தான். ஒலகம் பூரா படம். அதுல ஒரு சின்ன மஞ்ச ப்ளேனு, ஈ மாதிரி. அதுதான் அவளாம். பாத்துகினே இருந்தா நவுராது. அடுப்படிக்குப் போயி ஒரு வாட்டி எட்டிப் பாத்துட்டு வந்தா ஒரு நெல்லு அளவு நவுந்திருக்கும். அன்னிக்குப் பூரா அந்த மனுசன் நாற்காலிய வுட்டு எழுந்திருக்கல. வர்றவங்க எல்லாம் "மாமா, வாங்கன்னு கூட சொல்ல மாட்டேங்குறீங்களே"ன்னு கோச்சிகிறாங்க. நான்தான் ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சி உக்கார வெச்சேன்.

செகண்ட் ஷிப்ட்டு பஸ்ஸெல்லாம் போயி ரொம்ப நேரம் கழிச்சு, ஈ லண்டன் மேல போயி உக்காந்துச்சு. "எறங்கிட்டா!"ன்னாரு. எல்லாரும் அவரு போன சுத்தி நின்னுகினாங்க. அவ போன் பண்ணுவா, இல்ல ஒரு சேதியாவது அனுப்புவான்னு காத்துகினு இருக்கோம். வரல. பேரன் போன் போட்டா, அணைஞ்சு கெடக்குது. அதுக்குள்ள மண்டபத்துக்குக் கெளம்புற நேரம் வந்துருச்சு. வேன்ல சீர்த்தட்டு ஏத்துறாங்க, மேளக்காரரு வந்துட்டாரு, என் மருமவ சாவிய தேடிகினு வூட்டையே பொரட்டுறா. இவரு போன நெஞ்சுல வெச்சிகினு வேன்ல ஏறுனாரு.

வேன் கடைத்தெருவ தாண்டுறப்ப என் கைய தட்டி போன காட்டுனாரு. ரெண்டாவது ஈ கெளம்பிடுச்சு. லண்டன்ல இருந்து மெட்ராசு பாத்து.

"அதுல இருக்குறாளா?"ன்னேன்.

அவரு ரொம்ப மெல்லமா சொன்னாரு, யாருக்கும் கேக்காம. "ரெண்டாவது பெல்ட்டு ஓடுது. கரி அதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல."

அவ ஓடிப் புடிச்சிருந்தா, அந்த ஈ மேல இருக்குறா. புடிக்கலைன்னா, யாருமே தெரியாத ஊர்ல தனியா உக்காந்துகினு இருக்குறா. ரெண்டுல எதுன்னு சொல்ல ஆளே இல்ல. அவ வூட்டுக்காரனும் எங்கெங்கியோ போன் போட்டுப் பாத்துட்டான். யாரு யாரு ஏறுனாங்கன்னு வெளியாளுக்கு சொல்ல மாட்டாங்களாம்.

சாயங்காலம் மாப்ளயும் பொண்ணும் மேடையில நிக்கிறாங்க, வரிசையா படம் எடுக்குறாங்க. பேரன் சிரிக்கிறான், ஆனா கண்ணு மட்டும் தாத்தா பக்கம். நடுவுல எறங்கி வந்தான். "தாத்தா?" இவரு ஒதட்டப் பிதுக்குனாரு. அவன் திரும்பி ஏறிட்டான். எம் மவன் சாப்புடாமலே கார எடுத்துகினு மெட்ராசு கெளம்பினான். "இருந்தா கூட்டிகினு வரேம்மா. இல்லைன்னா…"ன்னு நிறுத்திட்டான்.

என் நாத்தனா வந்து பக்கத்துல உக்காந்தா. "அண்ணி, புள்ள மனசு நோவாம இப்பவே சொல்லி வெச்சிடுங்க. எம் பேத்தியும் அவனுக்கு முறையில தங்கச்சிதானே? முகூர்த்தத்துல நின்னுகினு அப்ப தேட முடியுமா?"

"விடியட்டும்"னேன்.

"விடிஞ்சா முகூர்த்தம் அண்ணி. மீதி ரெண்டு முடிச்ச காத்து வந்தா போடும்?"

நான் எழுந்து பந்திக்குப் போயிட்டேன். அங்க நின்னு ரசத்துல உப்பு இல்லன்னு சமையக்காரன்கிட்ட ஒரு சண்ட போட்டேன். ரசத்துல உப்பு இருந்துச்சு.

விடியற நேரம். ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு பஸ்ஸுங்க அப்பதான் போவ ஆரம்பிச்சிருக்குது. பொம்பளைங்க எல்லாம் தலைக்குத் தண்ணி ஊத்திகினு இருக்காளுங்க. ஈ மெட்ராசு மேல உக்காந்துருச்சு. இவரு மவனுக்குப் போன் போட்டாரு. "ப்ளேன் எறங்கிடுச்சுப்பா. இன்னும் யாரும் வெளிய வரல. பொட்டிய எடுத்துகினு வெளிய வர்றதுக்கு ஒரு மணி நேரமாச்சும் ஆவும்"ன்றான். ஒரு மணி நேரம் ஆனா நேரத்துக்கு வந்து சேர முடியாது. வந்து சேந்தாலும் எமகண்டம். நான் சாமி கும்புடல, ஒண்ணும் பண்ணல. மண்டபத்துப் படியில உக்காந்து பூ கட்டுனேன். யாரும் கேக்காத பூ. மொழக்கணக்கா கட்டுனேன்.

போன் அடிச்சுது. எம் மவன் கத்துறான், இவரு காதுல வெச்சிருக்குற போன் எனக்குக் கேக்குது. "வந்துட்டாப்பா! மொத ஆளா வெளிய வந்தா! பொட்டி இல்ல!"

பொட்டி வரலம்மா. லண்டன்ல இவ ஓடிருக்குறா பாரு, அப்ப அங்க இருந்தவங்க, "நீ ஓடு, உன் பொட்டி இந்த ப்ளேன புடிக்காது, பொறவு வரும்"ன்னு சொல்லிட்டாங்களாம். கதவ சாத்தப் போறப்ப உள்ள பூந்துட்டாளாம். போன்ல சார்ஜ் இல்ல. அதான் சேதி இல்ல. பொட்டி இல்லாததால பொட்டி வர்ற எடத்துல நிக்கவே இல்ல, நேரா வெளிய ஓடியாந்துட்டா. எங்க வூட்டுக்காரரு படியில உக்காந்து மொத மொதல்ல சிரிச்சாரு. "பொட்டி டிரான்ஸ்பர் பாயிண்ட்டுல நின்னுபோச்சு. புள்ள வந்துட்டா"ன்னாரு. சிரிக்கிறாரா அழுவுறாரான்னு தெரியல, மூக்க மட்டும் துண்டுல துடைக்கிறாரு.

ஆனா இன்னும் முடியல. நாலு மணி நேர ரோடு இருக்குதே. மவன் போன்ல திண்டிவனம்னான், அப்புறம் விக்கிரவாண்டின்னான். ராகுகாலம் முடிஞ்சுது. பேரன் பட்டு வேட்டி கட்டிகினு மணவறையில உக்காந்தான். ஐயரு மந்திரம் ஆரம்பிச்சாரு. பண்ருட்டிக்கு அந்தாண்ட கரும்பு லோடு டிராக்டருங்க வரிசையா போவுது, முந்தவே முடியலன்றான். மேளக்காரருக்கு என்னா தெரியும், அவரு பாட்டுக்கு உற்சாகமா ஊதுறாரு. எனக்கு அவர் மேல கோவம்.

பேரன் குனிஞ்சி ஐயர்கிட்ட கேக்குறான், "ஐயரே, இன்னும் கொஞ்சம் மந்திரம் இருக்குமே?"

"இருக்குறத சொல்லிட்டேன் தம்பி. இதுக்கு மேல சொன்னா திதிக்கு சொல்ற மந்திரந்தான் இருக்குது"ன்னாரு அந்த மனுசன். பொண்ணு தலைய குனிஞ்சிகினு சிரிப்ப அடக்குது. நல்ல பொண்ணு. கூறைப் பொடவையும் குடுத்தாச்சு. பொண்ணு கட்டிகினு வந்துட்டா. என் நாத்தனா அரக்குப் பொடவ கட்டுன பேத்திய பொண்ணுக்குப் பின்னால கொண்டாந்து நிறுத்திட்டா. அந்தப் புள்ள என்னை பாக்குது. நானும் அத பாக்குறேன். அது மேல என்னா தப்பு?

ஐயரு தாலித் தட்ட எடுத்தாரு. தேங்கா மேல தாலிய சுத்தி வெச்சி, மஞ்சளரிசி போட்டு, "பெரியவங்க எல்லார்கிட்டயும் காட்டி ஆசீர்வாதம் வாங்கிகினு வாங்க"ன்னாரு. எப்பவும் ஒரு சின்னப் பொண்ணு கையில குடுப்பாங்க. அது மொத ரெண்டு வரிசையில ஓடிட்டு வந்துரும்.

நான் எழுந்தேன். "குடுங்க, நான் எடுத்துகினு போறேன்"னேன்.

தட்டு எங்கையில வந்துச்சா? வந்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு பாரு. தாலி என்கிட்ட இருக்குது. நான் திரும்பி வராம எவனாலயும் கட்ட முடியாது. மொத வரிசையில ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னேன். "நல்லா தொட்டு மனசார வாழ்த்துங்க மாமா. முட்டி வலி எப்பிடி இருக்குது? அந்தத் தைலம் தேச்சீங்களா?" ரெண்டாவது வரிச. மூணாவது வரிச. மொய் எழுதுறவங்க. நாற்காலியில தூங்கிகினு இருந்த ஒரு பெரியவர எழுப்பி வாழ்த்த சொன்னேன். அவரு வேற கல்யாணத்துக்கு வந்தவராம், மண்டபம் மாறி உக்காந்துட்டாரு. பரவால்ல, வாழ்த்துங்கன்னேன்.

ஐயரு மைக்குல, "ஆயா, தட்டு!"ன்றாரு.

"எல்லாரும் பெரியவங்கதான் ஐயரே!"ன்னு சொல்லிகினே பந்தி ஹாலுக்குப் போனேன். எலைக்கு முன்னால உக்காந்தவங்க எச்சக் கையோட முழிக்கிறாங்க, "எடது கையால தொடக் கூடாதே ஆயா"ன்னு. "கும்புடுங்க போதும்"னேன். சமையக்காரன் வந்து நின்னான். ராத்திரி திட்டுனேனே அவந்தான். "ரசம் நல்லா இருந்துச்சுப்பா, தொட்டு வாழ்த்து"ன்னேன். அவன் கண்ணு கலங்கிட்டான்.

சம்மந்தியம்மா பின்னாலயே ஓடியாராங்க. "என்னா சம்மந்தி இது, நேரம் போவுதே! எமகண்டம் வந்துரும்!" அவங்க மொகத்தப் பாத்தா எனக்கு பாவமா இருந்துச்சு. பொண்ணப் பெத்தவங்களுக்கு நேரம் தவறுனா எப்பிடி இருக்கும்? ஒரு நிமிசம் திரும்பிடலாம்னுதான் நெனச்சேன். நெஜமா நெனச்சேன். அப்ப என் நாத்தனா குறுக்க வந்தா. வாய தொறந்து என்னத்த சொல்லப் போறாளோன்னு நிக்கிறேன். அவ சம்மந்தியம்மா கைய புடிச்சிகினு சொல்றா, "வாசல்ல வாட்ச்மேன் இருக்குறான், டிரைவருங்க இருக்குறாங்க. அவங்கள வுட்டா எப்பிடி சம்மந்தி? நீ போ அண்ணி. நான் இவங்கள பாத்துக்குறேன்."

அம்பது வருசம் என்னை வாயால கொன்னவம்மா அவ!

வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் வாழ்த்துனான். டிரைவருங்க வாழ்த்துனாங்க. அதுக்கு மேல ஆளே இல்ல. ரோடுதான் இருக்குது. ரோட்டோரமா எங்க வூட்டுக்காரரு கைய நெத்தியில வெச்சிகினு நிக்கிறாரு. உள்ள மேளம் நின்னுபோச்சு. எல்லாரும் பேசுற சத்தம் கேக்குது. நான் தட்ட ஏந்திகினு நிக்கிறேன்.

கார் வந்துச்சும்மா. தூசியா வந்துச்சு, கரும்புத் தோகை ஒண்ணு வைப்பர்ல மாட்டிகினு ஆடுது. கதவ தொறந்துகினு எறங்குறா. மொழங்காலு வரைக்கும் கருப்பா ஒரு கம்பளிக் கோட்டு. கீழ பேண்ட்டு. தல கலைஞ்சு, கண்ணு செவந்து. பொடவ நக எல்லாம் அந்தப் பொட்டியில போச்சே! நான் எதுவுமே சொல்லல. தட்ட நீட்டுனேன். தொட்டு கண்ணுல ஒத்திகினா.

"கோட்ட கழட்டுடி, வேகுது பாரு"ன்னேன் ஓடிகினே.

"முடியாது ஆயா. உள்ள போட்டிருக்குற பனியன் பூரா காபி கொட்டிருச்சு."

உள்ள அவ நுழைஞ்சதும் பேரன் மணவறைய வுட்டே எழுந்துட்டான். ஐயரு அவன் தோள அமுக்கி உக்கார வெச்சாரு. "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" அந்த மேளக்காரரு இப்ப ஊதுனாரு பாரு! எனக்கு அவரு கால்ல விழணும்போல இருந்துச்சு. அந்த அரக்குப் பொடவ புள்ள தானாவே நவுந்து எடம் வுட்டுச்சு. வுட்டுட்டு, கோட்டு கைய மடிச்சி வுட்டுச்சு. மாப்ள ஒரு முடிச்சு. எம் பேத்தி கம்பளிக் கோட்டோட வேர்த்து ஒழுகிகினே ரெண்டு முடிச்சு. பின்னால இருந்து எவளோ சொன்னா, "கரடி வந்து முடிச்சு போடுது"ன்னு. மண்டபமே சிரிச்சுது. முடிச்சு போட்டதுக்கு பொறவுதான் எமகண்டம் பொறந்துச்சு. ஐயரு கடியாரத்த காட்டுனாரு, எனக்கு அது தெரியாது. ஆனா அவரு சிரிச்சது தெரிஞ்சுது.

இப்ப சொல்லு, நாத்தனா இல்லாத கல்யாணமா இது? ரேஷன் கடையில நின்னவகிட்ட போயி சொல்லு. அவ அன்னிக்கு பந்தியில ரெண்டு எலைக்கு உக்காந்தத நானே பாத்தேன், அவளும் தட்ட கும்புட்டவதான். கோட்டு போட்டவள நாத்தனான்னு அவளுக்குத் தெரியல போல.

பொட்டி நேத்துதான் வந்துச்சு, ஒரு வேன்காரன் கொண்டாந்து எறக்கிட்டுப் போனான். முடிச்சு போடக் கட்டணும்னு கொண்டாந்த பட்டுப் பொடவ மடிப்பு கலையாம இருக்குது. அத அந்தச் சேத்தியாத்தோப்புப் புள்ளைக்கே குடுத்துட்டா. பேத்தி இன்னிக்கு சாயங்காலம் கெளம்புறா. எங்க வூட்டுக்காரரு உள்ள போன வெச்சிகினு உக்காந்திருக்குறாரு பாரு. இப்ப கோடு பாக்குறதில்ல. லண்டன்ல மாறுறதுக்கு எவ்ளோ நேரம் இருக்குதுன்னு மட்டும் அவள கேட்டுகினே இருக்குறாரு. "பத்தாது, பத்தாது"ன்றாரு.

அந்தக் கோட்டுதான் அதோ கொடியில தொங்குறது. கையில பூரா மஞ்சளும் குங்குமமும். "தண்ணியில நனைக்காத ஆயா"ன்னு முந்தாநேத்து சொல்லிட்டுத்தான் தூங்கப் போனா. நான் நனைச்சுட்டேன். ரெண்டு நாளா காயல, கல்லு மாதிரி கனக்குது. அத போட்டுகினுதானே அந்தப் பனியில போயி எறங்கணும்… அய்ய, காத்து திரும்பிடுச்சு பாரு! மைன்ஸ் பக்கத்துல இருந்து அடிக்குது, கரிப்புழுதி பூரா அது மேலதான் வந்து ஒட்டிக்கும். எழுந்திரு எழுந்திரு, பூண்ட அப்பிடியே வை. நீ அந்தப் பக்கம் புடி, ஒரு ஆளு தூக்க முடியாது. நல்லா புடி, தரையில படாம…